பழைய கேமராவில் ஃப்ளாஷ் அடிக்கிறது, படம் ஏன் விழவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது பார்வைக்கு மூன்று கேள்வி. அப்பாவின் யாஷிகா மேட் 124ஜி என்ற இரட்டை லென்ஸ் கேமராவில் ஃப்ளாஷ் மாட்டி வீட்டுக்குள் எடுத்த 12 படத்தில் ஒன்றுகூட விழவில்லை. அதே ஃப்ளாஷை பென்டாக்ஸ் கே1000 என்ற 35 மிமீ கேமராவில் போட்டு 1/250 விநாடி வேகத்தில் எடுத்தபோது ஒவ்வொரு படத்திலும் ஒரு ஓரம் மட்டும் தெரிந்து மீதி கறுத்துவிட்டது. கடைசியாக, இந்தப் பழைய ஃப்ளாஷ் கேமராவைக் கெடுத்துவிட்டதா, புதுசு வாங்கணுமா என்கிறீர்கள். இவற்றுக்கு நடுவில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: ஃப்ளாஷ் ஒவ்வொரு தடவையும் கண் கூசும்படி நன்றாகவே அடித்தது. எனக்கு அந்த வரிதான் முக்கியம். வெளிச்சம் வந்திருக்கிறது, ஃபிலிமுக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, நீங்கள் உண்மையில் கேட்பது ஃப்ளாஷ் அடிக்கும் நேரமும் ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் ஷட்டர் திறந்திருக்கும் நேரமும் ஏன் ஒத்துப்போகவில்லை என்பதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோவிலும் கல்யாண மண்டபங்களிலும் இந்த மாதிரி கேமராக்களோடுதான் பிழைப்பு நடத்தினேன். ரிப்பேர் மெக்கானிக் இல்லை. அதனால் எதை நிச்சயமாகச் சொல்கிறேன், எதைக் கேமராவைக் கையில் வாங்கிப் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன சோதனை. யாஷிகாவில் எடுத்த அந்த வெறும் நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்து ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் எண்களும் ஓரத்தில் தெளிவாகத் தெரிந்தால் லேப் டெவலப் செய்தது சரி, கேமராவுக்குள்தான் வெளிச்சம் விழவில்லை என்று அர்த்தம். அந்த எழுத்தும் இல்லையென்றால் தவறு கழுவிய இடத்தில். பாதிப் பேர் இதைப் பார்க்காமல் கேமராவைக் கழற்ற ஆரம்பித்துவிடுவார்கள்.

எழுத்து தெரிகிறது என்றே வைத்துக்கொள்வோம். யாஷிகாவின் முன்பக்கம், லென்ஸைச் சுற்றியுள்ள பகுதியில் எம், எக்ஸ் என்று இரண்டு எழுத்துக்கு நடுவே நகரும் ஒரு சின்ன லீவர் இருக்கும். அது இப்போது எம் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் என்றே நினைக்கிறேன். நீங்கள் சொன்ன அறிகுறிக்கு அதைவிடப் பொருத்தமான காரணம் வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எம் என்பது பல்பு காலத்து ஏற்பாடு. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் பரவுவதற்கு முன்னால் ஒரு படத்துக்கு ஒரு பல்பு என்று எரித்துத் தூக்கிப் போட்டார்கள். கண்ணாடிக்குள் ஆக்ஸிஜனும் மெல்லிய உலோகக் கம்பி இழைகளும் இருக்கும். கரண்ட் கொடுத்ததும் பற்றி எரியும். பற்றி, வளர்ந்து, உச்ச வெளிச்சத்துக்கு வர எம் வகை பல்புக்கு ஏறக்குறைய 20 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் ஷட்டர் முதலில் பல்புக்கு நெருப்பு வைத்துவிட்டு, 20 மில்லிசெகண்ட் போல காத்திருந்து, அப்புறம்தான் திறக்கும். எம் என்றால் அந்தக் காத்திருப்பு. எலெக்ட்ரானிக் ஃப்ளாஷுக்கு இப்படி வளர்கிற வேலையே கிடையாது. கான்டாக்ட் ஒட்டிய கணத்தில் அடித்து, முழு சக்தியில்கூட ஏறத்தாழ 1/1000 விநாடியில் முடித்துவிடும். எம்-இல் வைத்து எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் போட்டால், பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு கை கழுவிக்கொண்டு வந்து நிற்கிற விருந்தாளி மாதிரிதான் ஷட்டர். அது திறக்கும்போது வெளிச்சம் போய் வெகு நேரம் ஆகியிருக்கும். உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் நடந்த மாதிரிதான் தெரியும். 20 மில்லிசெகண்டைப் பிரித்துப் பார்க்க நம் கண்ணால் முடியாது.

எக்ஸ் என்பது காத்திருப்பு இல்லாதது. ஷட்டர் முழுசாகத் திறந்த அந்த நொடியில் கான்டாக்ட் ஒட்டும். எலெக்ட்ரானிக் ஃப்ளாஷ் எந்தக் கம்பெனியாக இருந்தாலும், 1970-இல் செய்ததோ போன மாதம் வாங்கியதோ, எக்ஸ் மட்டும்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஸ்டுடியோவில் கையாளாகச் சேர்ந்த புதிதில், ஒரு முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி கேமராவைத் துடைத்து வை என்றார் மாஸ்டர். நல்லபடியாகத் துடைத்தேன். துணி பட்டு லீவர் எம்-க்கு நகர்ந்ததை நான் பார்க்கவில்லை, காலையில் அவரும் பார்க்கவில்லை. தாலி கட்டு, அம்மி மிதி, அருந்ததி எல்லாம் அந்த ஒரு ரோலில். சாயங்காலம் டார்க் ரூமில் சிவப்பு லைட்டைக்கூடப் போடாமல் அவர் வெகு நேரம் நின்றது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. கூட வந்திருந்த இன்னொருவர் 35 மிமீ கேமராவில் எடுத்த நாலைந்து படத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துச் சமாளித்தோம். மறுநாள் மாஸ்டர் லீவரை எக்ஸ்-இல் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த நெயில் பாலிஷில் ஒரு சொட்டு வைத்துக் காய விட்டார். அதற்கப்புறம் எங்கள் ஸ்டுடியோவில் இருந்த ஒவ்வொரு இரட்டை லென்ஸ் கேமராவிலும் அந்தச் சிவப்புப் பொட்டு இருந்தது. நீங்களும் வைக்கலாம். வேண்டுமென்றால் பிறகு சுரண்டி எடுத்துவிடலாம்.

பழைய ஜெர்மன் ஷட்டர் உள்ள கேமரா ஏதாவது கையில் கிடைத்தால் அதே லீவரில் வி என்று மூன்றாவது எழுத்தும் இருக்கலாம். அது செல்ஃப் டைமர். பல வருஷமாக ஓடாத டைமர் பல்சக்கரம் நடுவழியில் நின்றுவிட்டால் ஷட்டரே பூட்டிக்கொள்ளும். சர்வீஸ் ஆகாத கேமராவில் வி பக்கம் கையை வைக்காதீர்கள்.

இப்போது பென்டாக்ஸ். இங்கே நடந்தது வேறு. யாஷிகாவில் இருப்பது லென்ஸுக்குள்ளேயே இருக்கும் லீஃப் ஷட்டர். கண்ணிமை போல நடுவிலிருந்து விரிந்து சுருங்கும். எவ்வளவு வேகத்திலும் ஒரு கணமாவது முழுசாகத் திறந்தே தீரும். அதனால் அதில் 1/500 வரை எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் வேலை செய்யும். கே1000-இல் இருப்பது ஃபிலிமுக்கு முன்னால் பக்கவாட்டில் ஓடும் இரண்டு துணித்திரை. முதல் திரை விலகி ஃபிலிமைத் திறக்கும், இரண்டாவது பின்னாலேயே வந்து மூடும். 1/60 வரை, முதல் திரை முழுக்க ஒதுங்கிய பிறகுதான் இரண்டாவது கிளம்பும். அதற்கு மேல் போனால் முதலாவது ஓடி முடிப்பதற்குள் இரண்டாவது துரத்த ஆரம்பித்துவிடும். அப்போது ஃபிலிமுக்கு முன்னால் ஒரு நீளமான இடைவெளி மட்டும்தான் நகர்ந்து போகும். வெயிலில் அதனால் ஒரு கெடுதலும் இல்லை, இடைவெளி நகர நகர வெயில் எல்லா இடத்திலும் விழும். ஃப்ளாஷ் ஒரு கணம்தான். அந்தக் கணத்தில் இடைவெளி எங்கே நின்றதோ அங்கே மட்டும்தான் படம்.

வேகமான ஷட்டர் வைத்தால் படம் உறைந்து நிற்கும் என்று நினைத்துத்தான் 1/250 வைத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான யோசனைதான். ஆனால் ஃப்ளாஷில் அசைவை நிறுத்துவது ஷட்டர் இல்லை, 1/1000-க்குள் முடிந்துபோகும் அந்த வெளிச்சமேதான். 1/60-இல் வையுங்கள், வீட்டுக்குள் ஓடுகிற குழந்தையும் நிற்கும். கேமராவின் வெளிச்ச மீட்டர் ஊசி கீழேயே கிடக்கிறதே என்றும் கேட்டிருந்தீர்கள். கிடக்கட்டும். அது அறையில் இப்போது இருக்கிற வெளிச்சத்தைத்தான் அளக்கிறது. அடிக்கப்போகிற ஃப்ளாஷைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

இந்த ஒத்துப்போகும் வேகம் கேமராவுக்குக் கேமரா மாறும். நிக்கான் எஃப் 1/60. லைக்கா எம்3-இல் 1/50. ஸெனிட் ஈ-யில் 1/30. மேலிருந்து கீழே ஓடும் உலோக ஷட்டர் வந்த பிறகு 1/125 ஆயிற்று, நிக்கோர்மாட்டும் நிக்கான் எஃப்எம்-மும் அந்த ரகம். எஃப்எம்2 முதலில் 1/200-உம் பிறகு 1/250-உம் தந்தது. அந்தக் காலத்தில் அது பெரிய பேச்சு. டயலில் அந்த எண்ணை வேறு நிறத்தில் எழுதியோ பக்கத்தில் எக்ஸ் போட்டோ மின்னல் குறி வைத்தோ காட்டியிருப்பார்கள். அதற்குக் கீழே எந்த வேகமும் சரி, மேலே எதுவும் கூடாது.

இதில் ஒரு சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். துணித்திரை ஷட்டருக்கு 40, 45 வயதாகிவிட்டால் எண்ணெய் பிசுபிசுத்து முதல் திரை சோம்பேறியாகிவிடுவது உண்டு. அப்போது 1/60-இலேயே ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை வரலாம். உங்கள் கே1000 அப்படி ஆகிவிட்டதா என்பதை இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் ஒரு ஃபிலிம்கூடச் செலவழிக்காமல் நீங்களே பார்க்கலாம். இரவில், விளக்கைக் குறைத்துவிட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்காருங்கள். சுவர் வெள்ளையாக இல்லையென்றால் ஒரு வேட்டியைத் தொங்கவிடுங்கள். கேமராவில் ஃபிலிம் இருக்கக் கூடாது. பின்கதவைத் திறந்து, லென்ஸ் அப்பர்ச்சரை, அதாவது வெளிச்சம் நுழையும் துளையை, முழுக்கத் திறந்து வைத்து, கேமராவையும் ஃப்ளாஷையும் சுவரைப் பார்க்கத் திருப்பிக்கொண்டு, ஃபிலிம் இருக்கும் இடத்தின் வழியாகப் பார்த்தபடி அழுத்துங்கள். 60-இல் முழு நீள்சதுரமும் பளிச்சென்று ஒரு கணம் தெரிய வேண்டும். அப்புறம் 125-இல் அடியுங்கள், பாதிதான் தெரியும். 250-இல் ஒரு கீற்று. இதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் நான் மேலே எழுதிய பத்தியே தேவையில்லை. 60-இல் ஓரம் வெட்டுப்பட்டால் 30-இல் பாருங்கள். 30-இல் முழுசாக வந்தால், சர்வீஸ் செய்கிற வரைக்கும் 30-இலேயே ஓட்டலாம். யாஷிகாவுக்கும் இதே சோதனைதான். எக்ஸ்-இல் வட்டமாக ஒரு வெளிச்சத் தட்டு தெரியும். எம்-க்குத் தள்ளி அடித்துப் பாருங்கள், அறை முழுக்க மின்னும், லென்ஸுக்குள் இருட்டாகவே இருக்கும்.

அடுத்தது, ஃப்ளாஷ் கேமராவைக் கெடுக்குமா. இணையத்தில் இதைப் பற்றி நிறையப் பயமுறுத்தல் இருக்கிறது. அதில் பாதி உண்மை, ஆனால் உங்களுக்கானது இல்லை. பழைய ஃப்ளாஷ்கள் பலவற்றில், ஷூ என்கிற, கேமராவில் மாட்டும் அடிப்பாகத்தின் நடு ஊசியில் 200 வோல்டுக்கு மேல்கூட நிற்கும். கேமரா அந்த ஊசியையும் பக்கவாட்டு உலோகத்தையும் ஒட்டவைக்கும்போதுதான் ஃப்ளாஷ் அடிக்கும். கே1000-இலும் யாஷிகாவிலும் அதை ஒட்டவைப்பது இரண்டு உலோகத் துண்டுதான், சுவரில் இருக்கிற ஸ்விட்ச் மாதிரி. மின்னணுச் சுற்று எதுவும் அந்த வழியில் இல்லை. அவை அந்த வோல்டேஜைத் தாங்கத்தான் செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கான தடவை அடித்தால் முனைகளில் கொஞ்சம் கரி படியும், அவ்வளவுதான். டிஜிட்டல் கேமராவும், 80-களுக்குப் பிறகு வந்த எலெக்ட்ரானிக் ஃபிலிம் கேமராக்களும் வேறு கதை. அங்கே ஸ்விட்ச் வேலையைச் செய்வது ஒரு சின்ன மின்னணுப் பாகம், சிலவற்றில் அது தாங்குவது சில வோல்ட்தான். பழைய ஃப்ளாஷ் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க அதை உங்கள் டிஜிட்டலில் மட்டும் மாட்டிவிடாதீர்கள்.

எந்த மாடலில் எத்தனை வோல்ட் என்று பட்டியல்கள் சுற்றுகின்றன. நான் அவற்றை நம்புவதில்லை. விவிட்டார் 283 என்ற ஃப்ளாஷை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் வருஷக்கணக்காகச் செய்தார்கள். முதலில் வந்தவற்றில் 200-க்கு மேல், பிற்காலத்தில் வந்தவற்றில் 10-ஐ ஒட்டி. பெயரைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? மல்டிமீட்டரை டிசி-யில் வைத்து, ஃப்ளாஷை முழுக்க சார்ஜ் ஏற்றி, அடிப்பக்க நடு ஊசியில் ஒரு முனையும் ஷூவின் பக்கவாட்டு உலோகத்தில் மறு முனையும் வைத்து அளந்துவிடுங்கள். ஊசிகளை ஒன்றோடொன்று உரச விட்டால் ஃப்ளாஷ் முகத்தில் அடிக்கும், அதனால் ஃப்ளாஷின் தலையை எதிர்ப்பக்கம் திருப்பி வையுங்கள்.

கேமராவைவிட உங்கள் கை எனக்குக் கவலை. சில கேமராக்களில் பிசி சாக்கெட்டும் (ஃப்ளாஷ் ஒயரைச் சொருகும் துளை) ஹாட் ஷூவும் (மேலே ஃப்ளாஷ் மாட்டும், மின் இணைப்புள்ள இடம்) ஒரே வயரில் இணைந்திருக்கும். ஒயரை பிசி சாக்கெட்டில் சொருகிவிட்டு, மேலே காலியாக இருக்கும் ஷூவில் விரலை வைத்தால் சுள்ளென்று ஒரு அடி விழும். வியர்த்த கையோடு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நான் வாங்கியிருக்கிறேன். ஷூவுக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி போதும். அது சாதாரண அடி. ஃப்ளாஷைத் திருகு கழற்றிப் பிரிப்பது அப்படி இல்லை. உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 330 வோல்ட் ஏறி நின்றால் அதில் சுமார் 54 ஜூல் இருக்கும். பேட்டரியை எடுத்த பிறகும் வெகு நேரம் அப்படியே நிற்கும், உயிருக்கே ஆபத்து. ஒயரிங் தெரிந்தவர் தவிர யாரும் திறக்கக் கூடாது. யூடியூப் பார்த்துத் திறக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பதில் வேண்டாம்தான்.

பரணில் வருஷக்கணக்காகக் கிடந்த ஃப்ளாஷ் என்றால் அந்தக் கெப்பாசிட்டர் தூங்கிப்போயிருக்கும். முதல் நாளே ரோலைப் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். புது பேட்டரி போட்டு, கீய்ய் என்ற சத்தம் மெலிந்து விளக்கு எரிந்ததும் அடிக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே விடுங்கள். பிறகு ஒரு தடவை அடித்து, மறுபடி ஏற்றி, இப்படி ஏழெட்டு முறை. முதலில் ஒரு நிமிஷம் எடுத்தது பத்துப் பதினைந்து விநாடிக்கு இறங்கிவிட்டால் பிழைத்துக்கொண்டது. இறங்கவே இல்லை, அல்லது உடம்பு கொதிக்கிறது, வாசனை வருகிறது என்றால் நிறுத்திவிடுங்கள். உங்களுடையது கண்ணைப் பறிக்கும்படி அடிக்கிறது என்பதால் அந்த நிலையைத் தாண்டிவிட்டது என்றே தோன்றுகிறது. ஒன்று மட்டும் கவனியுங்கள்: பின்னால் இருக்கும் ரெடி விளக்கு முழுக்க ஏறுவதற்கு முன்பே எரிந்துவிடும். விளக்கு எரிந்தபிறகும் நாலைந்து விநாடி பொறுப்பது எங்கள் பழக்கம். அவசரப்பட்டு அடித்த படங்கள்தான் ஆல்பத்தில் மங்கலாக நிற்கும்.

ஃப்ளாஷ் அடிக்கவே இல்லை என்று ஒரு நாள் வரும். அன்றைக்குச் சந்தேகப்பட வேண்டியது பெரும்பாலும் ஒயரைத்தான். 124ஜி-யில் இருப்பது வெறும் ஃப்ளாஷைத் தாங்கும் ஷூ, அதில் மின் இணைப்பு கிடையாது. பிசி ஒயர் போட்டே ஆக வேண்டும். இந்த பிசி-க்கும் கம்ப்யூட்டருக்கும் சம்பந்தம் இல்லை. ப்ரோன்டர், காம்பூர் என்று இரண்டு ஜெர்மன் ஷட்டர்களின் முதல் எழுத்து. இவ்வளவு காலம் உலகம் முழுக்கப் புழங்கிய ஒரு சாக்கெட்டை இவ்வளவு மோசமாக ஏன் வடிவமைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. சொருகினால் நிற்காது, தொட்டால் கழலும். முனையின் வெளி வளையத்தை நோஸ் பிளையரால் இம்மியளவு அமுக்கிச் சொருகினால் பிடித்துக்கொள்ளும், அதிகமாக அமுக்கினால் போயிற்று. வேலை செய்கிற ஒயர் இரண்டு பையில் வைத்திருங்கள்.

சரி, நேரம் ஒத்துப்போய்விட்டது, இனி எவ்வளவு வெளிச்சம். இந்த கேமராக்களில் அதைத் தீர்மானிப்பது நீங்கள்தான், கணக்கு ரொம்பச் சின்னது. ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் கைட் நம்பர் என்று ஒன்று உண்டு. அதைத் தூரத்தால் வகுத்தால் வைக்க வேண்டிய அப்பர்ச்சர் எண், அதாவது எஃப் எண். எண் சிறிதானால் துளை பெரிது. ஐஎஸ்ஓ 100-க்கு (ஐஎஸ்ஓ என்பது ஃபிலிமின் வேகம்) மீட்டர் தூரக் கணக்கில் 28 என்று போட்டிருந்தால், மூன்றரை மீட்டரில் நிற்பவருக்கு எஃப் 8. ஐஎஸ்ஓ 200 ஃபிலிமுக்கு அதே 28 ஏறக்குறைய 40 ஆகும், 400-க்கு 56. நீங்கள் போட்டிருப்பது 200 ஃபிலிம் என்பதால் 40-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இரண்டரை மீட்டருக்கு 16, ஐந்து மீட்டருக்கு 8, ஏழு மீட்டருக்கு 5.6, பத்து மீட்டருக்கு 4. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் பாதி இல்லை, கால்வாசி. ஷட்டர் வேகம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை, கவனித்தீர்களா? தூரத்தை அளக்க டேப் தேவையில்லை. ஃபோகஸ் செய்துவிட்டு லென்ஸில் இருக்கும் தூர எண்ணைப் படித்தால் போதும். பழைய விவிட்டார்களில் 120 என்று பார்த்து மயங்கிவிடாதீர்கள், அது அடிக் கணக்கு. மீட்டரில் 36.

கம்பெனிக்காரர் போடும் எண் கொஞ்சம் தாராளமானது. வெள்ளைச் சுவரும் தாழ்ந்த கூரையும் உள்ள அறையில் அது ஓரளவு சரியாக வரும். பெரிய மண்டபம், திறந்தவெளி, மாடி என்றால் திரும்பி வர வெளிச்சம் இருக்காது, ஒரு ஸ்டாப், அதாவது இரட்டிப்பு வெளிச்சம் வரும்படி அப்பர்ச்சரில் ஒரு படி, திறந்துவிடுங்கள். கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் வரை சிரித்துக்கொண்டே தாங்கும். குறைவை மன்னிக்காது. சந்தேகம் வந்தால் திறப்பது நல்லது. குரூப் போட்டோவில் முன்வரிசை இரண்டரை மீட்டரிலும் பின்வரிசை ஐந்திலும் நின்றால் இரண்டு ஸ்டாப் வித்தியாசம். முன்னால் இருப்பவர் முகம் வெளுத்து, பின்னால் இருக்கும் மாமா இருட்டில் போய்விடுவார். நீங்கள் பின்னால் நகர்ந்து, முன்வரிசை நாலு மீட்டர், பின்வரிசை ஐந்தரை என்று ஆக்கினால் வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்குள் அடங்கும். நாலரைக்குக் கணக்குப் பார்த்து எடுத்துவிடலாம்.

உங்கள் ஃப்ளாஷின் முன்பக்கம் ஒரு சின்னக் கண் மாதிரி சென்சாரும், சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் போட்ட ஸ்விட்சும் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அது ஆட்டோ ஃப்ளாஷ். ஃபிலிம் வேகத்தைப் பொருத்தி, ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்து, அது சொல்லும் அப்பர்ச்சரை லென்ஸில் வைத்துவிட்டால், எதிரில் இருப்பவரிடமிருந்து திரும்பி வரும் வெளிச்சத்தை அதுவே அளந்து போதும் என்றதும் தன்னை அணைத்துக்கொள்ளும். கேமராவோடு அதற்குப் பேச்சுவார்த்தையே தேவையில்லை, அதனால் எந்தக் காலத்து கேமராவிலும் ஓடும். கறுப்புக் கோட்டு மாப்பிள்ளை ஃபிரேம் முழுக்க நின்றால் ஏமாந்து அதிகமாக அடிக்கும், வெள்ளை வேட்டிக் கூட்டம் நின்றால் சீக்கிரம் நிறுத்திவிடும். வெள்ளைக்கு அரை ஸ்டாப் திறப்பேன், கறுப்புக்கு அரை மூடுவேன். அதுவே போதுமானதாக இருந்தது.

கூரையில் அடித்துத் திருப்புவதைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். சாதாரண வீட்டுக் கூரை, எதிரில் இருப்பவர் மூன்று மீட்டர் என்றால் 40 கைட் நம்பருக்கு எஃப் 5.6-க்கும் 4-க்கும் நடுவில் வைப்பேன். முகம் மென்மையாக விழும், சுவரில் கறுப்பு நிழல் இருக்காது. ஆனால் நம் வீட்டுச் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். பச்சை டிஸ்டெம்பர் அடித்த ஹாலில் பவுன்ஸ் அடித்து, மணப்பெண்ணின் அக்காக்கள் எல்லாரும் காமாலை வந்த மாதிரி விழுந்த ரோல் ஒன்று என் கணக்கிலும் இருக்கிறது.

பகலில் வெளியே எடுப்பதில்தான் உங்கள் யாஷிகா பென்டாக்ஸைத் தோற்கடிக்கும். பட்டப்பகலில் ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு 1/60-இல் எஃப் 22 வேண்டும். 28-ஐ 22-ஆல் வகுத்தால் ஒன்றேகால் மீட்டர், அதற்குள் நிற்பவர் முகத்துக்குத்தான் ஃப்ளாஷ் எட்டும். யாஷிகாவில் 1/500 வைத்தால் அதே வெயிலுக்கு எஃப் 8 போதும், ஃப்ளாஷ் மூன்றரை மீட்டர் போகும். உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே விழும் குழி நிழலைத் தூக்க முழு வெளிச்சம்கூட வேண்டாம், ஒரு ஸ்டாப் குறைவாக விழுந்தாலே போதும். அப்போது ஐந்து மீட்டர் வரை தாராளம். கோயில் வாசலில், தென்னந்தோப்பில் என்று ஜோடிப் படம் எடுக்க நாங்கள் இரட்டை லென்ஸ் கேமராவைக் கடைசிவரை விடாமல் வைத்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். இரவு மண்டபத்தில் நேர் எதிர். 1/60-இல் எடுத்தால் ஆள் மட்டும் பளிச்சென்று, பின்னால் சீரியல் செட்டும் அலங்காரமும் கறுத்துப்போகும். 1/15-க்கு இறக்குங்கள், ஃப்ளாஷ் ஆளை நிறுத்தும், பின்னணி விளக்குகள் மஞ்சளாக மெல்ல வந்து சேரும். கொஞ்சம் கை நடுங்கினால் விளக்குகள் கோடாக இழுக்கும். அது எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது.

புதுசு வாங்கணுமா என்றால், இப்போதைக்கு வேண்டாம். வாங்கியே தீருவேன் என்றால் நடுவில் ஒற்றைக் கான்டாக்டோடு வரும் மேனுவல் ஃப்ளாஷ் போதும். டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் வெளிச்சத்தைக் கேமராவே அளந்து ஃப்ளாஷைக் கட்டுப்படுத்தும் வசதி) என்று கூடுதல் பணம் கொடுத்தால் இந்த இரண்டு கேமராவிலும் அது வீண். பெட்டியில் கைட் நம்பர் 58 என்று பெரிதாகப் போட்டிருந்தால் எந்த ஜூமில் என்று படியுங்கள். 105 மிமீ-யில் குவித்து அளந்த எண்ணாக இருக்கும், 35-க்கு விரித்தால் 40-ஐ ஒட்டித்தான் நிற்கும். யாஷிகாவுக்கு ஒயர் போட பிசி சாக்கெட் இருக்கிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் தனி அடாப்டர் ஒன்று. புது ஃப்ளாஷில் வோல்டேஜ் குறைவு என்பதால் இரண்டு உலகத்திலும் மாட்டலாம், டிஜிட்டலில் முதலில் அடித்து அப்பர்ச்சரைப் பார்த்துவிட்டு ஃபிலிமில் எடுக்கலாம். அந்த வசதி எங்களுக்கு இருந்ததில்லை.

அடுத்த மாதம் தங்கையின் நிச்சயதார்த்தம் என்றீர்கள். அதற்கு முன் ஒரு ரோலைத் தயவு பார்க்காமல் சோதனைக்குக் கொடுங்கள். கே1000, 1/60, யாரையாவது சரியாக மூன்று மீட்டரில் நிறுத்தி, கையில் சிலேட்டில் 4, 5.6, 8, 11, 16 என்று அப்பர்ச்சரை எழுதிப் பிடிக்கச் சொல்லி ஒவ்வொன்றாக எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நடுவே இருபது விநாடி விடுங்கள். கழுவி வந்ததும் எந்தச் சிலேட்டில் முகம் சரியாக விழுந்திருக்கிறதோ அந்த எண்ணை மூன்றால் பெருக்குங்கள். அதுதான் உங்கள் ஃபிலிமுக்கு உங்கள் ஃப்ளாஷின் நிஜமான கைட் நம்பர், அட்டையில் என்ன அச்சடித்திருந்தாலும் சரி. அந்த எண்ணை ஒரு துண்டு டேப்பில் எழுதி ஃப்ளாஷின் முதுகில் ஒட்டிவிடுங்கள். அதற்கப்புறமும் கே1000-இல் 1/60-க்கு ஓரம் கறுத்தால், நெகட்டிவை வெள்ளைத் தாள் மேல் வைத்து ஒரு போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். எந்தப் பக்கம், எவ்வளவு அகலத்துக்கு என்று பார்த்தால் எந்தத் திரை சோம்புகிறது என்று ஓரளவு சொல்லலாம்.